அபயம் கேட்பவரின் வாக்குமூலம்

விரிஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குச் செல்லும் வழியிலுள்ள மேல்மொணவூரில், இலங்கையிலிருந்து உயிரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்து சேர்ந்த குடும்பங்கள் நெடுங்காலமாக வசித்து வருகின்றன. 2021 நவம்பரில் முதலமைச்சர் அங்கு வந்து புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியதும், அகதி முகாம் என்பது மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாறியதும் பாராட்டத்தக்க காரியங்களே. ஆயினும் வீட்டுக்கும் பெயருக்கும் முந்தியதாய், அபயம் தேடி வருபவர் கரையில் கால் வைத்தவுடனே எதிர்ப்படும் விசாரணையைப் பற்றி நாம் போதிய சிந்தனை செலுத்தவில்லை.

கேட்பவரும் தமிழர், பதில் சொல்பவரும் தமிழர், ஆகையால் இங்கே சங்கடம் ஏது என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. பாஷை ஒன்றாயிருந்தாலும் அந்தஸ்து ஒன்றல்ல. ஒருவர் மாலையில் கோப்பை மூடிவிட்டு வீடு திரும்புகிறார். மற்றவருடைய சோறும் கூரையும் பிள்ளைகளின் எதிர்காலமும் அந்தக் கோப்பில் எழுதப்படும் நாலு வரியைப் பொறுத்திருக்கின்றன. சொந்த மண்ணில் சீருடையைக் கண்டு ஓடியவர், இங்கே வேறொரு சீருடைக்கு முன் அமர்ந்து மனம் திறப்பது எளிதன்று. தனக்கு நேர்ந்த அவமானத்தை அந்நிய ஆடவரிடம் சொல்ல மாட்டாமல் ஒரு பெண் மௌனமாயிருப்பதும், பயங்கரத்தை அனுபவித்த ஒருவர் தேதிகளை முன்பின்னாகச் சொல்வதும் மனித சுபாவம். விசாரணைத் தாளிலோ அவை முரண்பாடுகளாகி, பின்னர் பொய்களாகவே முடிந்துவிடுகின்றன.

இதற்கு நம் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின், 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. சுயவிருப்பத்தின்பேரில் போகிறோம் என்று அவர்கள் கையெழுத்திட்ட படிவங்கள், அவர்களில் பெரும்பாலோர் வாசிக்க இயலாத ஆங்கிலத்தில் இருந்தன என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே ஆட்சேபித்தன. சம்மதம் உண்மையானதுதானா என்று சோதிப்பதற்காக ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் அவ்வாண்டு சென்னையில் அலுவலகம் திறந்தது. ஆனால் புறப்படத் தயாரானவர்களை இடைத்தங்கல் முகாமில் சந்திக்கத்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. மூட்டை கட்டியாகிவிட்ட பிறகு கேட்கப்படும் கேள்விக்கு எவ்வளவு சுதந்திரமான பதில் வரும்? கடல் கடந்த தேசங்களும் இவ்விஷயத்தில் மேலானவை அல்ல. 2014இல் ஆஸ்திரேலியா, நடுக்கடலில் மறித்த 41 இலங்கையரைக் காணொளி வழியே விசாரித்து, இலங்கைக் கடற்படையிடமே ஒப்படைத்தது.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று நிரூபிக்கும் பாரத்தைச் சம்பந்தப்பட்டவர் மீதே 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் சுமத்தியது. அதன் இடத்தில் வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே செய்கிறது. அகதிகள் ஆணையம் 1979இல் வெளியிட்ட கையேடோ, உண்மையைத் தேடும் கடமை விண்ணப்பித்தவருக்கும் விசாரிப்பவருக்கும் பொதுவானது என்று கூறுகிறது. நியாயம் இப்பக்கமே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தேசப் பாதுகாப்பு முக்கியமல்லவா என்று சிலர் கேட்பர். 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைச் சிறப்பு முகாமிலிருந்து 43 விடுதலைப் புலிகள் சுரங்கம் தோண்டித் தப்பியதை அறிந்த இவ்வட்டாரத்தார் அக்கேள்வியை அலட்சியம் செய்ய இயலாது. ஆனால் ஒற்றரைக் கண்டுபிடிக்கும் விசாரணை வேறு, துயருற்றவரின் கதையைக் கேட்கும் விசாரணை வேறு. இரண்டையும் ஒரே மேஜையில், ஒரே அதிகாரி நடத்தினால் இரண்டுமே கெடும், ஏனெனில் பயந்தவர் உண்மையையும் மறைப்பார்.

மிளகு வியாபாரி ஒருவருக்குக் கள்வர் பயமின்றி வழித்துணையாக வந்தார் என்று எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீசுவரரைப் பற்றி ஐதிகம் சொல்கிறது. விசாரணை அறைக்குள் நுழையும் அகதிக்கும் அத்தகைய துணை வேண்டும்: வழக்கறிஞரோ, அவர் நம்பும் ஒருவரோ உடனிருக்கட்டும். பெண்களைப் பெண் அதிகாரிகளே விசாரிக்கட்டும். எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, திருத்த அவகாசம் தந்து, கையெழுத்தான பின் ஒரு பிரதியை அவரிடமே கொடுக்கட்டும். இவற்றில் பலவற்றுக்குப் பாராளுமன்றத்தின் தயவு தேவையில்லை. மாநில அரசின் ஓர் உத்தரவே போதும். பொருளாதார நெருக்கடியால் 2022இல் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கி மண்டபம் முகாமில் தங்கியிருப்போரிடமிருந்தே அதை ஆரம்பிக்கலாம். வீடு கட்டித் தந்த அரசு இதையும் செய்ய வேண்டும்.