ஆவியில் வெந்த கறியமுது

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட வீதியை ஒட்டிய சிறிய வீடொன்றில் என் தமக்கையார் தனியே வசிக்கிறார். அவருக்கு வயது 79. அத்திம்பேர் பரமபதித்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன; ஒரே மகன் கடல் கடந்து வேலை பார்க்கிறான். அடியேன் ராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரம்தான். ஆகையால் சனிக்கிழமைதோறும் சென்று அவரைப் பார்த்து வருவது வழக்கம்.

சென்ற ஆண்டு ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுவாரம் அது நேர்ந்தது. அடுப்பில் அவரைக்காயை வேகவைத்துவிட்டு ஊஞ்சலில் அமர்ந்து ஜபம் செய்திருக்கிறார். அடுப்பு எரிவதே நினைவில் இல்லை. தண்ணீர் வற்றி, காய் கருகி, புகை தெருவுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண்மணி ஓடிவந்து எரிவாயுவை அணைத்திருக்கிறார். இப்படி நிகழ்வது மூன்றாவது முறை. "அம்மா இனிச் சமைக்க வேண்டாம், கேரியரில் சாப்பாடு ஏற்பாடு செய்துவிடுங்கள் மாமா" என்று மருமான் தொலைபேசியில் சொன்னான். அவன் கவலை நியாயமானதே. நானும் தலையாட்டினேன்.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்குச் சோறு எங்கிருந்தும் வரும்டா. பெருமாளுக்கு எங்கிருந்து வரும்?"

வெங்காயமும் பூண்டும் சேர்ந்த கேரியர்ச் சாப்பாட்டைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ண முடியாது. அறுபது ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் தளிகை செய்து அமுது செய்வித்த கைகளை, சும்மா இரு என்று எப்படிச் சொல்வது? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மருமான் ஒரு வழி கண்டான். சாதம், பருப்பு, காய் எல்லாவற்றையும் வேகவைத்து, நேரம் முடிந்ததும் தானே சூட்டைக் குறைத்துக்கொள்ளும் எலெக்ட்ரிக் குக்கர் ஒன்றை வாங்கி அனுப்பினான். அக்கா அதைப் பெட்டியோடு பரணில் ஏற்றச் சொல்லிவிட்டார். "நெருப்பே இல்லாமல் தளிகையா? அக்கினி சாட்சியில்லாத கறியமுதைப் பெருமாள் ஏற்பாரா?"

இதை எளிதில் தள்ளிவிட இயலாது. பல திருக்கோயில் மடைப்பள்ளிகளில் இன்றும் விறகடுப்புத்தானே எரிகிறது? எங்கள் வீட்டுக் காரியங்களை நடத்திவைக்கும் வைதிகப் பெரியவரிடம் கேட்டேன். "சிராத்தத்துக்கும் ஹோமத்துக்கும் அக்கினி இல்லாமல் ஆகாது. வீட்டில் அன்றாடம் செய்யும் தளிகைக்கு மடியும், புதிதாகச் செய்வதும், மனசும் போதும். முடியாத வயதில் கைங்கரியத்தை விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்" என்றார். சம்பிரதாயங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அன்பர்கள் தத்தம் ஆசார்யரைக் கேட்டுக்கொள்வதே முறை.

எனினும் ஒன்று தோன்றியது. ஆவியில் வேகவைப்பது நமக்கு நேற்று வந்த பழக்கமா? காஞ்சி வரதராஜப் பெருமாள் சந்நிதியில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மாவை வார்த்து, மணிக்கணக்கில் ஆவியிலேயே வேகவைத்த இட்லி அல்லவா நிவேதனமாகிறது? பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மகாபிரசாதம் செய்கிறார்கள். மதுரையில் சொக்கநாதப் பெருமான் பிட்டுக்காக மண் சுமந்தாரே, அந்த வந்திக் கிழவியும் தனியே வாழ்ந்த மூதாட்டிதான். அவள் அவித்த பிட்டும் ஆவியில் வெந்ததுதான். திருமலையில் அன்னதானச் சமையலுக்குச் சூரிய வெப்பத்தால் நீராவி எடுக்கும் ஏற்பாட்டை 2002-ஆம் ஆண்டிலேயே அமைத்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். வந்தியின் பெயரைக் கேட்டதும் சற்று முகம் மலர்ந்தார். பெட்டி பரணிலிருந்து இறங்கியது.

இனி, செய்முறை. பானையின் அடியில் ஒன்றரைத் தம்ளர் தண்ணீர் விட்டு, உள்ளே கால்வைத்த துளைத்தட்டை வைத்து, அதன்மேல் நறுக்கிய காயைப் பரப்ப வேண்டும். காயில் தண்ணீர் படக்கூடாது. மூடியைத் திருகி, ஆவிக்குரிய பொத்தானை அழுத்தி, நிமிடத்தைக் குறித்துவிட்டால் போதும். இங்கே பலர் ஏமாந்துபோவார்கள். மூன்று நிமிடம் என்று குறித்தால் மூன்று நிமிடத்தில் முடியாது. உள்ளே அழுத்தம் ஏறவே பத்து நிமிடம் பிடிக்கும், அதன் பிறகே எண்ணத் தொடங்கும். பரங்கிக்காய்க்கு மூன்று, சேனைக்கிழங்குத் துண்டங்களுக்கு ஆறு, முழு பீட்ரூட்டுக்கு இருபது என்பது எங்கள் அனுபவம். பல் இல்லாதவர்கள் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். மின்சாரச் செலவைப் பற்றியும் அக்கா கவலைப்பட்டார். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் முழுமூச்சாக ஓடினால்தான் ஒரு யூனிட். ஒரு வேளைக் காய்க்குக் கால் யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆவியை வெளியேற்றும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. வெந்நீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் கடுமையானது. ஒவ்வொரு கிராம் ஆவியும் நீராக மாறுகையில் ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தைத் தோலில் இறக்கிவிடும். ஆகவே அக்கா நீண்ட மரக்கரண்டிக் காம்பால் எட்ட நின்று அந்தக் குமிழைத் தள்ளுகிறார். மூடியிலுள்ள சிறு முள் கீழே இறங்கிய பிறகே திறக்க வேண்டும்.

காயை நீரில் வேகவைத்து வடித்தால் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் வடிநீரோடு போய்விடுகின்றன. ஆவியில் அவ்வளவு இழப்பில்லை. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பொட்டாசியமும் காயிலேயே தங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுவதே நல்லது. அவர்களுக்கு இந்த ஆவித்தட்டு உதவாது.

மடி விஷயத்தில் நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. மூடியின் உட்புறத்தில் சிலிகான் வளையம் ஒன்று இருக்கிறது. அது வாசனையை இழுத்துக்கொள்ளும். எத்தனை கழுவினாலும் எளிதில் போகாது. மருமகள் ஊருக்கு வந்திருந்த வாரம் வெங்காய சாம்பார் செய்துவிட்டுப் போக, மறுநாள் கறியமுதில் வெங்காய நெடி! அக்கா அன்று அதைப் பெருமாளுக்குக் காட்டவில்லை. தயிர்சாதம் மட்டுமே அமுது செய்வித்தார். பானையை மீண்டும் பரணுக்கு ஏற்றும் பேச்சும் எழுந்தது. ராஜபாளையம் கடைவீதியில் நான்கு கடை ஏறி இறங்கி அதே அளவில் இன்னொரு வளையம் வாங்கி வந்தேன். அதற்கு மஞ்சள் நூல் கட்டி அடையாளம் வைத்து, பெருமாள் அலமாரியின் கீழ்த்தட்டில் தனியே வைத்திருக்கிறார். நிவேதனத்துக்கு அது, விருந்தினர் வந்தால் மற்றது. நூலை அவிழ்த்துவிட்டுத்தான் மூடியில் பொருத்த வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. திருவண்ணாமலை ஸ்ரீநிவாசப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோர் கூட்டத்தில் பேருந்தில் நிற்கவே இடமில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா தளிகையை முடித்திருந்தார். சர்க்கரைப் பொங்கலை மட்டும் எரிவாயு அடுப்பில், பக்கத்து வீட்டுப் பெண்மணியைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு, வெண்கலப் பானையில் செய்திருந்தார். அதை மட்டும் குக்கரில் செய்யவே மாட்டாராம். நான் வற்புறுத்தவில்லை. கொத்தவரங்காய்ப் பருப்புசிலி, பரங்கிக்காய்க் கறியமுது இரண்டும் ஆவியில் வெந்தவை. உசிலிக்கு அரைத்த பருப்பும் அதே தட்டில் வாழையிலையின் மேல் வெந்திருந்தது.

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா அக்காரவடிசில் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்ததைப் பின்னாளில் உடையவர் நிறைவேற்றிவிட்டு வந்தபோது, "நம் அண்ணனே" என்று நாச்சியார் அழைத்ததாகச் சொல்லும் ஊர் இது. நான் தம்பி, வளையம் வாங்கிக் கொடுத்தவன், அவ்வளவுதான்.

புறப்படும்போது அக்கா வாசல்வரை வந்தார். "அடுத்த வாரம் வரச்சே ஒரு கிலோ சேனை வாங்கிண்டு வா. அரிவாள்மணையில் எனக்கு நறுக்க முடியலை. நீயே நறுக்கித் தந்துட்டுப் போ."