வெறும் வயிறு பொதுவிதி அல்ல

"உணவு மருந்தைத் தடுக்கும், எந்த மாத்திரையையும் வெறும் வயிற்றில் விழுங்குவதே நல்லது" என்ற வாதத்தை ஏற்க முடியாது. அது ஆபத்தானதும்கூட.

கரைந்த மருந்தைத்தான் குடல் உறிஞ்சும். மலேரியாவுக்குத் தரும் லூமெஃபான்ட்ரின் நீரில் கரைவதே அரிது. கொழுப்புள்ள உணவு சிறுகுடலை எட்டியதும் பித்தப்பை சுருங்கிப் பித்த உப்புகளை இறக்குகிறது. அவை பித்தத்திலுள்ள லெசித்தின் என்ற கொழுப்போடு சேர்ந்து நுண்திரள்களாகி, நீரில் ஒட்டாத மருந்தைத் தம்முள் ஏந்திக் குடல்சுவர் வரை கொண்டுசேர்க்கின்றன. மருந்தைக் கரைத்துப் பார்க்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் செயற்கைக் குடல்நீரிலேயே இந்த வேறுபாடு உண்டு: வெறும் வயிற்றுக்கானதில் டாரோகோலேட் என்ற பித்த உப்பு 3 மில்லிமோலார்; உண்ட வயிற்றுக்கானதில் 15. அதனால்தான் லூமெஃபான்ட்ரின் சேர்ந்த மாத்திரையைப் பாலுடனோ உணவுடனோ கொடுக்கச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தத்தில் மருந்து போதாமல் காய்ச்சல் திரும்பலாம்.

எல்லாவற்றையும் உணவோடு எடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. நீரில் எளிதில் கரையும் நாடோலால் என்ற மருந்தின் உறிஞ்சலைப் பித்த உப்புகள் குறைக்கின்றன. தைராக்சினுக்கு வெறும் வயிறே ஏற்றது. மருந்துக்கு மருந்து விதி மாறும். 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்' என்று மருத்துவர் எழுதுவது சம்பிரதாயத்துக்காக அல்ல. மருந்தின் அளவைப் போலவே அதுவும் சிகிச்சைதான். அதை மீறச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.