பழைய மகிழுந்துக்குப் புதிய நிறமா?

ஜொகூர் பாருவில் வசிக்கும் என் தம்பி, தன் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ மகிழுந்துக்கு ஊதா நிறம் பூச எண்ணுகிறான். 1990களின் இறுதியில் அறிமுகமான வகை அது. 1996இல் புரோட்டோன் வாங்கிய லோட்டஸ் நிறுவனத்தார் அதன் ஓட்டத்தைச் செம்மைப்படுத்தினர்.

"சாலைப் போக்குவரத்துத் துறையில் நிறமாற்றத்தைப் பதிந்தால் போதுமே, அக்கா!" என்கிறான். சட்டம் இடங்கொடுக்கிறது, என் மனம் இடங்கொடுக்கவில்லை.

வகுப்பில் மாணவன் மயிலுக்குச் சிவப்பு தீட்டினால் நான் தடுப்பதில்லை. அது அவன் வரைந்த மயில். இவ்வண்டியோ பிறர் உருவாக்கி முடித்தது. வெளியே ஊதா பூசினாலும் கதவிடுக்கிலும் இயந்திர அறையிலும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். அதையும் மறைக்க வண்டியையே பிரித்தாக வேண்டும்.

நிறம் மங்கியிருப்பின் அதே நிறத்தைப் பூசட்டும். பின்னாளில் வாங்குபவரும் ஆலையில் பூசிய நிறத்தையே தேடுவார்.

தங்கள் கருத்தையும் எழுதுங்கள்.