கை சொன்ன சாட்சி

துப்பறியும் கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறவர்களை மன்னிக்கவே கூடாது. நாம் தொடர்கதையில் மூழ்கியிருக்கும்போது பக்கத்தில் வந்து, "அந்தச் சித்தப்பாதான் கொலைகாரன், தெரியுமோ?" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற ஆசாமி ஒருவர் எல்லார் வீட்டிலும் உண்டு. இந்த வாரம் நானே அந்தப் பாவத்தைச் செய்யப் போகிறேன். கதை வெளிவந்தது 1955-ம் வருஷம். ஆகையால் தோஷம் கொஞ்சம் குறைவுதான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

எழுதியவர் ஐஸக் அஸிமாவ். அமெரிக்காவில் உயிர் ரசாயனப் பேராசிரியராக இருந்தவர். விஞ்ஞானக் கதையையும் துப்பறியும் கதையையும் ஒன்றாகச் சேர்க்கவே முடியாது என்று ஜான் காம்ப்பெல் என்ற பத்திரிகாசிரியர் அடித்துச் சொல்லிவந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கதை நடப்பதோ வருங்காலத்தில். துப்பறிபவர் கடைசிப் பக்கத்தில் பையிலிருந்து ஏதோ ஒரு அதிசயக் கருவியை எடுத்து, பொத்தானை அமுக்கி, "இதோ குற்றவாளி!" என்று காட்டிவிட்டால் என்ன செய்வது? அதுவரை மூளையைக் கசக்கிக்கொண்டிருந்த வாசகர் ஏமாந்து போகமாட்டாரா?

முடியும் என்று எழுதியே காட்டினார் அஸிமாவ். முதலில் ஒரு நாவல். பிறகு 'பாடும் மணி' என்று பொருள்படும் தலைப்பில் இந்தச் சிறுகதை.

சந்திரனில் கிடைக்கும் ஒருவகை நுரைக்கல் அது. உள்ளே கூடாக இருக்கும். தட்டினால் தேவகானம் போல ஒலிக்கும். பூமியில் அதற்குக் கொள்ளை விலை. சந்திரனில் காற்று இல்லாததால் பிறந்த இடத்தில் அது ஊமை!

லூயி பெய்ட்டன் என்பவன் பலே கைகாரன். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு மாதம் கொலராடோ மலைப் பிரதேசத்திலுள்ள தன் வீட்டில் யாரையும் பார்க்காமல் தனியாக இருப்பது அவன் வழக்கம். அப்படி ஓர் ஆகஸ்டில் ரகசியமாகச் சந்திரனுக்குப் போகிறான். மணிகள் இருக்கும் இடத்தைக் காட்டிய கூட்டாளியை அங்கேயே கொன்றுவிட்டு, ஓசைப்படாமல் வீடு திரும்புகிறான். "ஐயா, ஆகஸ்டு முழுவதும் நான் வீட்டில்தான் இருந்தேன்" என்கிறான். இல்லை என்று சொல்ல யாரால் முடியும்?

மனசுக்குள் இருப்பதைப் படித்துவிடும் யந்திரம் அந்தக் காலத்துப் போலீசாரிடம் உண்டு. ஆனால் நினைத்தபோதெல்லாம் ஒருவன் மனசைத் திறந்து பார்க்கச் சட்டம் விடாது. பலமான ஆதாரத்தை முதலில் காட்டியாக வேண்டும். அஸிமாவின் சாமர்த்தியத்தை விட, எனக்கு இந்த நியாய உணர்ச்சி அதிகம் பிடித்திருந்தது. கொலைகாரன் யார் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், அவன் மனசின் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது!

கையைப் பிசையும் இன்ஸ்பெக்டர், வெண்டல் அர்த் என்ற பண்டிதரைத் தேடி வருகிறார். வேற்றுக் கிரகங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. பிரயாணம் என்றால் மட்டும் ஆகவே ஆகாது. (அஸிமாவுக்கே ஆகாய விமானம் என்றால் பயம்!) பெய்ட்டனை அவர் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அர்த் சாவதானமாகப் பேசுகிறார். தம்மிடமிருந்த மணி ஒன்றை அவனிடம் கொடுக்கிறார். பிறகு, "இப்படிப் போடுங்கள்" என்று கையை நீட்டுகிறார். அவனும் போடுகிறான். மணி அவர் கைக்கு எட்டாமல் முன்னாலேயே விழுந்து சுக்குநூறாகிறது.

அவ்வளவுதான், அகப்பட்டுக்கொண்டான்!

எப்படி? சந்திரனில் எந்தப் பொருளுக்கும் இங்குள்ள கனத்தில் ஆறில் ஒரு பங்குதான். அங்கே சில நாள் பழகிய கை, அந்தக் கணக்கிலேயே லேசாக வீசிவிட்டது. மணியின் அருமை தெரிந்தவன் அதை வேண்டுமென்று உடைப்பானா? வாய் ஆயிரம் பொய் சொல்லலாம். கைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

இது நம் வீட்டிலேயே நடப்பதுதான். தண்ணீர் நிறைய இருக்கிறது என்று நினைத்து ஒரு குடத்தைத் தூக்குகிறோம். அது காலிக்குடமாக இருந்தால் கை எகிறி மேலே போய்விடுகிறது. குடத்தின் கனத்தை நம்மைக் கேட்காமலே கை முன்னதாகத் தீர்மானித்துவிட்டது!

மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969-ல், கதை வெளிவந்து பதினாலு வருஷத்துக்குப் பிறகு. விண்வெளி நிலையத்தில் பல மாதம் தங்கித் திரும்பியவர்கள், கையிலிருந்த சாமானை அந்தரத்தில் மிதக்கும் என்று நினைத்து விட்டுவிட்டு, அது கீழே விழுந்ததும் திகைத்ததுண்டு. அஸிமாவின் ஊகம் வெறும் கற்பனை இல்லை.

பூமிக்கும் சந்திரனுக்கும் உள்ள வித்தியாசம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். துப்பு ஆரம்பத்திலிருந்தே நம் கண்ணெதிரே கிடந்தது. அர்த் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கையை நீட்டியதோடு சரி. வாசகருக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிவு தெரிந்த பிறகு, மணி கைமாறும் அந்தக் கட்டத்தைப் படித்துப் பாருங்கள். அது விழுவதற்குள் நெஞ்சு ஒரு தரம் படபடக்கும்.