முகட்டில் சுழன்ற தகர மீன்

போலகத்தில் எங்கள் பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டின் முகட்டில், தகரத்தில் வெட்டிய மீன் ஒன்று இரும்புக் கம்பியின்மேல் சுழன்றுகொண்டிருக்கும். ஊர்க் கொல்லர் செய்து தந்தது. பஜ்ருத் தொழுகை முடிந்து திரும்பும் பாட்டனார் முதலில் அதைத்தான் நிமிர்ந்து நோக்குவார். ஐப்பசியில் மீனின் தலை கடற்பக்கம் திரும்பியிருந்தால், "கொண்டல் வீசுது, நெல்லைக் காயப்போட வேணாம்" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

அதன் இயக்கம் எளியது. சுழலும் அச்சுக்கு இருபுறமும் எடை சமமாக இருக்கவேண்டும். வால் மட்டும் அகன்றிருக்கவேண்டும். காற்று அகன்ற வாலைத் தள்ளிவிட, தலை காற்று வரும் திசையை நோக்கி நிற்கும். வாடை, தென்றல், கோடை, கொண்டல் என வரும் திசையைக்கொண்டே காற்றுக்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். கச்சான், சோழகம் என்பன இன்றும் கடலோர மக்களின் நாவில் வாழும் சொற்கள்.

உலகெங்கும் இக்கருவி எளிய கைவினைஞரின் கலையாகவும் மலர்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஷெம் டிரவுன் என்பவர் 1742இல் செம்பில் செய்த வெட்டுக்கிளி, ஃபானுவில் மண்டபத்தின் உச்சியில் இன்றும் காற்றைக் காட்டுகிறது. களஞ்சியக் கூரைகளில் வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற குதிரைகளையும் சேவல்களையும் இன்று அருங்காட்சியகங்கள் பேணுகின்றன. 2006இல் நடந்த ஏலத்தில் இத்தகைய பழம்பொருள் ஒன்று 50 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று.

கூரை உச்சியை அழகு செய்வது நமக்கும் புதிதன்று. 1211இல் கெய்ரோவில் எழுப்பப்பட்ட இமாம் ஷாஃபிஈ அவர்களின் அடக்கத்தலக் குவிமாடத்தின்மேல் உலோகப் படகு ஒன்று நிற்கிறது. பறவைகளுக்குத் தானியம் இடுவதற்காக அது வைக்கப்பட்டதென்பர். அருகிலுள்ள நாகூரிலோ, 131 அடி உயரப் பெரிய மினாராவில் கந்தூரிக்கு ஏறும் கொடியே காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதைச் சுற்றுப்புறத்துக்கெல்லாம் சொல்லிவிடும்.

இப்பொருள்களைச் சுவைக்கத் தனிப் படிப்பு வேண்டியதில்லை. தொலைவிலிருந்து பார்த்தாலும் மீன் மீனாகத் தெரிகிறதா? தேவையற்ற ஒரு வளைவேனும் உண்டா? பச்சை பூத்த செம்பையும் மங்கிய வண்ணத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். காலம் தந்த அந்த மேற்பூச்சும் கலையின் ஒரு பகுதியே.

இதையெல்லாம் நான் அறிந்தது பிற்காலத்தில். பழைய வீட்டை இடித்துக் காங்கிரீட் வீடு கட்டியபோது, பழைய இரும்பு வாங்க வந்தவரின் தராசில் அம்மீனை எடுத்து வைத்தது என் கைதான். ஜன்னல் கம்பிகளோடு சேர்த்து எடைபோட்டுக் கொடுத்தேன். அருகில் நின்ற பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் முற்றத்தில் நின்று, பழக்கத்தினால் மேலே நோக்கினார்; வெற்று வானத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் பரணிலும் கொல்லையிலும் இப்படி ஏதேனும் கிடக்கலாம். தராசில் ஏற்றுமுன், அதைச் செய்தவர் யார், அது எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.