தாகத்திற்கு முந்தைய அறிகுறிகள்

நீரிழிவு நோயின் தொடக்க அறிகுறிகள் எவை என்று கேட்டால், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மிகுந்த பசி, காரணமற்ற எடைக்குறைவு என்ற நான்கையும் தமிழ்நாட்டில் பலரும் தயங்காமல் சொல்லிவிடுவர். இவை நீரிழிவின் அறிகுறிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு நடுத்தர வயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் பொறுத்தவரை இவை தொடக்கத்தைக் காட்டுபவை அல்ல. நோய் பெரும்பாலும் சில ஆண்டுகள் உடலில் நிலைகொண்ட பின்னரே வெளிப்படுபவை. தாகம் எடுக்கவில்லை என்பதையே நோயின்மைக்குச் சான்றாகக் கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் இழப்பது அந்த ஆண்டுகளைத்தான்.

இதன் காரணம் சிறுநீரகத்தின் இயக்கத்தில் உள்ளது. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது குளுக்கோஸும் உடன் வடிகிறது என்றாலும், அது வீணாகாதபடி சிறுநீரகத்தின் நுண்குழல்கள் அதை மீட்டு இரத்தத்திற்கே அனுப்பிவிடுகின்றன. இந்த மீட்புத் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் குளுக்கோஸின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிலிட்டருக்கு, ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் மீட்கப்படாத சர்க்கரை சிறுநீரில் கலக்கிறது. அது தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்வதால் சிறுநீர் பெருகுகிறது, இழந்த நீரை ஈடுசெய்யத் தாகம் எடுக்கிறது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு நோயை அறிந்த பழைய மருத்துவர்களின் கூர்மை போற்றத்தக்கதே என்றாலும், அவர்கள் கண்டதும் இந்த எல்லையைக் கடந்த நோயைத்தான். இன்றைய வரையறையின்படி, இரவு முழுதும் உண்ணாமல் காலையில் எடுத்த இரத்தத்தில் 126 மில்லிகிராம் இருந்தாலே அது நீரிழிவு. எனவே 130, 140 என்ற அளவில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையும் உணராமல் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருக்க முடியும். முதியோரிடம் சிறுநீரகத்தின் மீட்பு எல்லை மேலும் உயர்ந்துவிடுவதால், அவர்களுக்குத் தாகம் இன்னும் தாமதமாகவே தோன்றும்.

இந்த மௌனமான காலம் தீங்கற்றதன்று. பிரிட்டனில் 1977 முதல் இருபது ஆண்டுகள் நடந்த பெரும் நீரிழிவு ஆய்வு, நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே, இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களின் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. அந்த ஆய்வில் பங்கேற்றோரில் விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்புத் தொடங்கியிருந்தோரும் கணிசமானோர். இந்தியாவில் இது சிலரின் சிக்கல் மட்டும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

தாகம் தோன்றுமுன் உடல் வேறு சில குறிப்புகளைக் காட்டக்கூடும்; அவை வேறு காரணங்களின் பெயரில் கடந்து போய்விடுகின்றன. சர்க்கரையின் ஏற்ற இறக்கத்திற்கேற்பக் கண்ணின் வில்லை நீரை ஏற்று வடிவம் மாறுவதால் பார்வை மங்கித் தெளிகிறது. வயதின் குறை என்று கருதிச் சில மாதங்களில் இருமுறை கண்ணாடி மாற்றுவோர் உண்டு. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பும் வெள்ளைப்படுதலும், ஆண்களுக்கு ஆணுறுப்பின் முன்தோலில் தோன்றும் வெடிப்பும் சர்க்கரையை உண்டு வளரும் பூஞ்சையால் நேர்பவையாக இருக்கலாம். கூச்சத்தால் மருத்துவரிடம் சொல்லப்படாமல், மருந்துக்கடைக் களிம்போடு இவை முடிந்துவிடுவது வருத்தத்திற்குரியது. இரவில் பாதம் எரிதல், ஈறு வீங்கிப் பற்கள் ஆடுதல், தோள்மூட்டு இறுகிக் கையைத் தூக்க இயலாமை ஆகியவற்றுக்கும் நீரிழிவோடு தொடர்பு உண்டு.

உண்மையிலேயே முன்கூட்டி வரும் அடையாளம் ஒன்று பலரது பின்கழுத்தில் தெரிகிறது. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்து, தடித்து, வெல்வெட் துணியைத் தொட்டாற்போன்ற மென்மையுடன் காணப்படும் இந்நிலை, உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காததன் வெளிப்பாடு. செல்கள் இன்சுலினுக்கு இணங்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்துவிட்ட இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டுகிறது. இந்தக் கட்டத்தில் இரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இந்த அடையாளத்தின் மதிப்பு. ஆனால் வீடுகளில் இது அழுக்கென்றும், சங்கிலி உராய்ந்த கறுப்பென்றும் கொள்ளப்படுகிறது. எலுமிச்சைத் தோலாலும் பீர்க்கை நாராலும் வளரும் பெண்பிள்ளைகளின் கழுத்து புண்ணாகும்வரை தேய்க்கப்படுகிறது. தேய்த்தால் போகும் கறுப்பு அன்று அது. மாதவிலக்கு ஒழுங்கின்மையும் உடன் இருந்தால் அப்பிள்ளைக்கு வேண்டியது மருத்துவ ஆலோசனையே.

மற்றோர் அடையாளத்தை அளவுநாடாவால் அறியலாம். இந்தியரிடம் கை கால்கள் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்வது மிகுதி என்பதால், எடைப்பொறி காட்டும் எண் ஏமாற்றிவிடும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டும்போதே எச்சரிக்கை தொடங்குகிறது. சென்னை ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண், வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் வரலாறு ஆகிய நான்கை மட்டும் கொண்டு, ஒரு துளி இரத்தமும் இன்றி ஆபத்தைக் கணிக்கிறது. நாற்பது வயதுக்கு 20, 92 சென்டிமீட்டர் இடுப்புக்கு 10, பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, உழைப்போ உடற்பயிற்சியோ அறவே இல்லையெனில் 30 என்று கூட்டினால், எந்த அலுவலகத்திலும் காணத்தக்க ஓர் ஆண் 70ஐ அடைகிறார். 60ஐத் தொட்டாலே அது உயர் ஆபத்து.

கருவுற்ற காலத்தில் மட்டும் தோன்றிய சர்க்கரையும் இவ்வரிசையில் சேர்க்கப்பட வேண்டியது. பேறுகாலத்திற்குப் பின் அது பெரும்பாலும் மறைந்துவிடுவதால் குடும்பமும் அதை மறந்துவிடுகிறது. அப்பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்போ மற்றவர்களைவிடப் பலமடங்கு அதிகம். குழந்தையின் தடுப்பூசி நாள்களைத் தவறவிடாத வீடுகளில், தாய்க்கு ஆறு வாரங்களுக்குப் பின் செய்ய வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையும், அதன்பின் தொடர வேண்டிய பரிசோதனைகளும் விடுபட்டுப் போகின்றன.

‘பார்டரில் இருக்கிறது’ என்று ஆய்வகச் சீட்டைப் பார்த்து ஆறுதல் கொள்வதும் பரவலான வழக்கம். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையும், 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்த இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 வரையும் உள்ள அளவுகளையே இச்சொல் குறிக்கிறது. இரண்டாவது அளவில் இருந்த இந்தியர்களைப் பின்தொடர்ந்து, சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தனிச் சிகிச்சையோ பயிற்சியோ பெறாதோருள் 55 விழுக்காட்டினர் மூன்றே ஆண்டுகளில் நீரிழிவாளர் ஆயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரிடம் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. மீட்சிக்கு இடமிருக்கும் காலம் இதுவே. வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் நம்பினால், உணவுக்குப் பின் மட்டும் சர்க்கரை உயர்வோர் தப்பிவிடுவர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும், இரத்தச்சோகை உள்ளவர்களிடம் பிழையாக அமையக்கூடும்.

இதுவரை சொன்னதற்கு மாறான நிலை குழந்தைகளுடையது. பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழிக்கும் முதல் வகை நீரிழிவில், தாகமும் சிறுநீர்ப் பெருக்கும் சில வாரங்களுக்குள், சிலரிடம் சில நாள்களுக்குள்ளேயே உயிராபத்தில் முடியக்கூடும். இன்சுலின் இன்றி உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள்கள் இரத்தத்தில் தேங்கி, வயிற்றுவலி, வாந்தி, பழவாசனை வீசும் மூச்சு, மயக்கம் என்று வளர்கின்றன. வயிற்றுக் கோளாறு என்று எண்ணிச் சோர்ந்த குழந்தைக்குக் குளுக்கோஸ் நீர் கொடுப்பதும், சோதிக்காமல் குளுக்கோஸ் ஏற்றுவதும் நிலைமையை மோசமாக்கிவிடும். இத்தாலியின் பார்மா நகர்ப் பகுதியில் 1990களில், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கத்தை விட்ட குழந்தை மீண்டும் அதைத் தொடங்குவது நீரிழிவாக இருக்கலாம் என்ற செய்தியைப் பள்ளிகளில் சுவரொட்டியாக ஒட்டியும், மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தும், கீட்டோன் அமில மிகையோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தனர். தமிழ்நாட்டின் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அத்தகைய சுவரொட்டி இடம்பெற வேண்டும். இரவில் எழுந்து தண்ணீர் கேட்கும், உடைகள் தளரும் அளவுக்கு மெலியும் குழந்தைக்கு, காலையில் வெறும் வயிற்றில் பார்க்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. விரல்நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் எந்த நேரத்திலும் பார்க்கலாம், அது 200ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கே குழந்தையை இன்சுலின் சிகிச்சை உள்ள மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.