கூடி வாழ்வது குற்றமா?

ஆப்பிரிக்க அகதிகள் தங்கள் சங்கங்களையே சுற்றி வாழ்வதால்தான் அமெரிக்காவோடு ஒட்டாமல் போகிறார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது. அமெரிக்காவின் அகதிகள் குடியமர்த்தல் திட்டத்தின் தொடக்க உதவி அதிகம் போனால் 90 நாட்கள். வந்திறங்கிய விமானக் கட்டணம்கூடக் கடன்தான். அதற்குப் பிறகு வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்பவர் யார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க உடன் செல்பவர் யார்? முன்னால் வந்த ஊர்க்காரர்தான்.

மெய்ன் மாநிலத்து லூயிஸ்டனைப் பாருங்கள். ஆலைகள் மூடி நலிந்து கிடந்த அந்த ஊருக்கு 2001 முதல் சோமாலியர் வந்தார்கள். இனியும் ஆட்கள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 2002இல் மேயரே அவர்களுக்குத் திறந்த மடல் எழுதினார். ஒட்ட மறுத்தது யார்? லிஸ்பன் தெருவில் பூட்டிக் கிடந்த கடைகளைத் திறந்தவர்கள் சோமாலியர். 2015இல் மாநிலக் கால்பந்துப் பட்டத்தை வென்ற அவ்வூர் உயர்நிலைப் பள்ளி அணியில் பெரும்பாலோர் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள்.

அதே ஆலைகளுக்கு முன்பு கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சு மொழிக்காரர்களும் தங்கள் தேவாலயம், பள்ளி, பத்திரிகை என்று கூடித்தான் வாழ்ந்தார்கள். இன்று அவர்களை யாரும் அந்நியர் என்பதில்லை. சோமாலியருக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?